செவ்வாய்க்கிழமை எடுத்த அளவு

வண்டியின் முன்பக்கத்தைத் தவிர வேறெதையும் நான் கவனிப்பதில்லை. எஞ்சின் எப்படி, மைலேஜ் எவ்வளவு என்று என்னிடம் வந்து கேட்கிறவனைக் கண்டாலே எரிச்சல் வரும். ரேடியேட்டருக்கு முன்னால் கம்பெனிக்காரன் வைத்து அனுப்பும் பிளாஸ்டிக் கிரில்லைக் கழற்றிவிட்டு, அந்த இடத்துக்கு இரும்பு வலை அடித்துக் கொடுப்பது என் தொழில். கல் தெறிக்கிற சாலையில் ஓடும் பிக்கப் வண்டிகள்தான் என்னைத் தேடி வரும். பதினெட்டு வருடமாக இதே பட்டறை, இதே தகரக் கூரை. தெருவில் எனக்கு வைத்திருக்கும் பெயர் சிடுசிடு. நேரில் ‘அண்ணே’ என்பார்கள், நான் திரும்பினால் ‘சிடுசிடு இருக்காரா’ என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், எனக்கென்ன.

அளவு எடுக்க நான் டேப்பைத் தொடுவதில்லை. ஃபிரிட்ஜ் வரும் பெரிய அட்டையை வண்டியின் வாய்மேல் வைத்து அழுத்திப் பிடித்து, மரச்சுத்தியலால் ஓரம் சுற்றித் தட்டுவேன். வாயின் விளிம்பு அப்படியே அட்டையில் பதிந்துவிடும். சின்ன நெளிவுகூடத் தப்பாது. அப்பா விட்டுப்போன வழக்கம் அது. அட்டை பொய் சொல்லாது என்பார். வலை உட்காரவில்லை என்றால் வண்டியைத் தட்டிச் சரிபண்ணு, வலையில் கை வைக்காதே என்பது பட்டறைச் சட்டம்.

கல்யாணம் ஆகும்வரை என் தங்கையும் இங்கேதான் வேலை செய்தாள். டிரில் பிடித்தால் என்னைவிட அவள் கை சுத்தம். நாங்கள் இருவரும் ஒரு வலைக்கு ஐந்து ரிவெட் அடிப்போம். மூலைக்கு ஒன்று, கீழ் உதட்டின் நடுவில் ஒன்று. மற்ற பட்டறைகளில் நாலோடு கையைத் துடைத்துக்கொள்வார்கள். அந்த வலை ஒரே மாதத்தில் பல் ஆடுவதுபோல ஆடும்.

அவள் வீட்டுக்காரர், என் மாப்பிள்ளை, பன்னிரண்டு வருடம் ஊரான் வண்டியை ஓட்டியவர். போன மாதம் சொந்தமாக ஒரு பிக்கப்புக்குச் சொல்லியிருந்தார். சாம்பல் நிறம். மலையடிவாரத்தில் ஒரு கல்குவாரியில் வேலையும் பேசி முடித்திருந்தார். “வண்டி வந்ததும் முதல் வேலையா உங்க வலைதான் மச்சான்” என்று போனில் சொன்னபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. “வாங்க பாப்போம்” என்று வைத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை நடுமத்தியானம். உள்ளே கம்பி அறுத்துக்கொண்டிருந்தவன் தண்ணீர் குடிக்க வெளியே வந்தேன். வாசலில் சாம்பல் நிறப் பிக்கப் நின்றது. முன்பக்கம் கிரில் இல்லை, வாய் திறந்து ரேடியேட்டர் தெரிந்தது. உள்ளே யாரும் இல்லை. மாப்பிள்ளை வண்டியை விட்டுவிட்டு டீக்கடைப் பக்கம் போயிருப்பார், கிரில்லையும் அவரே கழற்றிவிட்டார் போல என்று நினைத்தேன். கூப்பிடலாம் என்று கதவைத் திறந்து ஹாரனை அமுக்கினேன். சத்தமே வரவில்லை. புது வண்டியில் ஹாரன் வேலை செய்யவில்லை.

சரி, வருகிற நேரத்துக்கு வரட்டும் என்று அட்டையை எடுத்துவந்து அளவெடுத்தேன். அப்போதுதான் கவனித்தேன். கீழ் உதடு இடது மூலையில் இரண்டு கை அகலத்துக்கு உள்ளே மடங்கியிருந்தது. எடுத்த கையோடு எங்கேயோ இடித்துவிட்டார் மனிதர் என்று சிரிப்பு வந்தது. தங்கையிடம் சொல்லாமல் மூடி மறைத்திருப்பார், பாவம். இன்னொன்றும் பார்த்தேன். விளிம்பில் ஏற்கெனவே ஓட்டை போட்டிருந்தது. மூலைக்கு ஒன்று, கீழே நடுவில் ஒன்று. இரண்டில் ரிவெட்டின் அறுந்த தண்டுகூட இருந்தது. எனக்கு முன்னால் எவனிடமோ கொடுத்திருக்கிறாரே என்று ஆத்திரம் பொங்கியது. ஆனாலும் கை நல்ல கை, என்னைப்போலவே போட்டிருக்கிறான் என்று மனதுக்குள் ஒப்புக்கொண்டேன். அட்டையை உள்ளே வைத்துவிட்டுத் திரும்பி வந்தால் வண்டி இல்லை.

சொல்லாமல் கொள்ளாமல் போனதில் எனக்குத் தலைக்கு மேல் ஏறியது. நானாக போன் பண்ணக்கூடாது, அவராக வரட்டும் என்று வீம்புக்கு இருந்தேன். வேலையை மட்டும் நிறுத்தவில்லை. புதன்கிழமை முழுக்க உட்கார்ந்து, கம்பி வளைத்துச் சட்டம் கட்டி, டைமண்ட் வலையை அறுத்துப் பற்றவைத்து, கறுப்புப் பெயிண்ட் அடித்துச் சுவரில் மாட்டிவைத்தேன். இடது மூலையின் அந்த நெளிவோடு சேர்த்து, அட்டை எப்படியோ அப்படி.

வியாழன் காலையில் மாப்பிள்ளை வந்தார். சாம்பல் நிறப் பிக்கப். முகம் முழுக்கச் சிரிப்பு. வண்டியின் கிரில் கம்பெனி கொடுத்தபடி பளபளவென்று மாட்டியிருந்தது.

“இடிச்சதைத் தட்டி எடுத்துட்டீங்களா மாப்ளே? எங்கிட்டயே மறைக்கிறீங்களே” என்றேன்.

“எதை மச்சான் இடிச்சேன்?”

“செவ்வாய்க்கிழமை கொண்டுவந்து நிறுத்தினீங்கல்ல.”

“செவ்வாய்க்கிழமையா? இன்னிக்குக் காலையிலதான் சாவியே கைக்கு வந்துச்சு. இருபது கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு, நீங்களே பாருங்க.”

பார்த்தேன். இருபத்தொன்று காட்டியது. காதில் பூச்சுற்றுகிறார் என்றுதான் அப்போதும் நினைத்தேன். கம்பெனிக் கிரில்லைக் கழற்றினேன். உதடு நேர்கோடாக இருந்தது. தகட்டை ஒருமுறை மடக்கி நிமிர்த்தினால் பெயிண்டில் மயிரிழை விரிசல் விழும், எந்தக் கொம்பனாலும் அதை மறைக்க முடியாது. விரலால் தடவினேன், நகத்தால் சுரண்டினேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஓட்டையைத் தேடினேன். ஒரு ஓட்டைகூட இல்லை. அட்டையை வைத்துப் பார்த்தேன். மற்ற எல்லாப் பக்கமும் கச்சிதமாக உட்கார்ந்தது. இடது கீழ் மூலையில் மட்டும் இரண்டு கை அகலத்துக்கு இடைவெளி விட்டது.

எதிர்ப்பக்கம் பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை இந்த வண்டி இங்கே நின்றதைப் பார்த்தீர்களா என்று கத்திக் கேட்டேன்.

அவர் தெருவைத் தாண்டி வந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது. “நானே கேக்கணும்னு இருந்தேண்ணே. உங்க கோவத்துக்குப் பயந்து விட்டுட்டேன். அன்னிக்கு மத்தியானம் நீங்க அந்த வெயில்ல தனியா நின்னு, வெறும் அட்டையைத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு சுத்திச் சுத்தித் தட்டிக்கிட்டு இருந்தீங்க. டொக்கு டொக்குன்னு சத்தம் எங்க கடை வரைக்கும் கேட்டுச்சு. வண்டி ஏதும் இல்ல.”

“எதுமேல தட்டினேன்?”

“அதைத்தாண்ணே நானும் ரெண்டு நாளா யோசிக்கிறேன்.”

மாப்பிள்ளை சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அட்டை என் கையில் இருந்தது, சுற்றிலும் சுத்தியல் தடம். வெறும் காற்றின்மேல் தட்டினால் அட்டையில் தடம் விழாது.

நின்ற இடத்திலேயே யோசித்தேன். நான் பார்த்தது இதே வண்டி. ஆனால் இன்றைய வண்டி இல்லை, இனி வரப்போகிற ஒரு நாளின் வண்டி. அதில் என் கை போட்ட ஐந்து ஓட்டை இருந்தது, வலை பிய்ந்துபோயிருந்தது, உதடு மடங்கியிருந்தது, உள்ளே ஆள் இல்லை. அப்படியென்றால் நான் வலையை மாட்டிய பிறகு இந்த வண்டி எதன்மீதோ மோதப்போகிறது. மாட்டினால்தானே அந்த நாள் வரும். மாட்டாவிட்டால் அந்த வண்டி எங்கிருந்து வரும்?

“இந்த வண்டிக்கு நான் வலை போட மாட்டேன்” என்றேன்.

“ஏன் மச்சான்?”

காரணத்தை நிதானமாகச் சொல்லியிருக்கலாம். என் வாய் அப்படிப்பட்டதில்லை. “மாட்டேன்னா மாட்டேன். விளக்கம் கேக்காதீங்க, போங்க” என்று சீறிவிட்டேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று என் முதுகுக்குப் பின்னால் பலபேர் சொன்னது சும்மா இல்லை.

அவர் முகம் சுருங்கியது. “ஊரான் வண்டி ஓட்டினப்ப உங்க மரியாதை வேற மாதிரி இருந்துச்சு மச்சான். சொந்தமா ஒண்ணு வாங்கினதும் உங்களுக்கே ஆகல.” சுவரில் அவர் பெயரைச் சுண்ணாம்புக்கட்டியால் எழுதி மாட்டியிருந்த வலையைப் பார்த்தார். “செஞ்சு வெச்சதையாவது எடுத்துக்கறேன்” என்று தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

போகட்டும் என்று விட்டேன். அந்த வலை அந்த வாயில் உட்காராது, இடது மூலை இடிக்கும். வேறு பட்டறையில் கொடுத்தாலும் நாலு ஓட்டைதான் போடுவான். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கினமாதிரி இருந்தது. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை ஓட்டிவந்திருந்தார், பக்கத்தில் தங்கை. பத்தரைக்குக் குவாரி மேலாளரைப் பார்க்க வேண்டும், லோடு திங்கள்கிழமை முதல். குவாரிப் பக்கத்திலேயே ஒரு வீடு காலியாக இருக்கிறதாம், அதையும் பார்த்துவிட்டு வர இருவரும் கிளம்பியிருந்தார்கள். நடுவில் என்னிடம் சமாதானம் பேச இறங்கினாள் என் தங்கை. சின்ன வயதிலிருந்தே எனக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் நிற்பது அவள்தான்.

“அண்ணே, மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டு இருக்காம இங்க வந்து பாரு. நீ மாட்டலைன்னா உன் தங்கச்சிக்கு மாட்டத் தெரியாதா?”

வந்து பார்த்தேன். வலை மாட்டியிருந்தது. ரிவெட் ஐந்து. மூலைக்கு ஒன்று, கீழே நடுவில் ஒன்று. செவ்வாய்க்கிழமை நான் மெச்சிக்கொண்டது என் கையை இல்லை, இவள் கையை.

“இடது மூலை உக்காரலயே, எப்படி மாட்டினே?” என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

“உக்காரலதான். நம்ம சட்டம் என்ன, வலையில கை வைக்காதேங்கறதுதானே. கட்டையைக் கொடுத்து உதட்டை உள்ள மடக்கினேன். ரெண்டு கை அகலம்தான். இவருக்குத்தான் உசிரே போயிடுச்சு, புது வண்டியச் சுத்தியலால அடிக்கிறாளேன்னு.” சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். மாப்பிள்ளையும் சிரித்தார்.

மடங்கியது மோதலால் இல்லை, தங்கையின் சுத்தியலால் என்று அறிவு சொன்னது. அறிவு சொல்வதைக் கேட்கிற நிலையில் நான் இல்லை. கண்ணெதிரே செவ்வாய்க்கிழமை வண்டி நின்றது, அதில் என் தங்கை ஏறப்போகிறாள். கடப்பாறையை எடுத்துவந்து வலைக்கும் விளிம்புக்கும் நடுவில் விட்டு நெம்பினேன். மாப்பிள்ளை ஓடிவந்து பிடிப்பதற்குள் வலை கழன்று தரையில் விழுந்தது. அதே வேகத்தில் கதவைத் திறந்து சாவியை உருவினேன். பானெட்டைத் தூக்கி பேட்டரி ஒயரையும் பிடுங்கிவிட்டேன்.

தெருவே வேடிக்கை பார்த்தது. மாப்பிள்ளையின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. “உங்க அண்ணனுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு” என்று அவர் தங்கையிடம் சொன்னார்.

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். அட்டை, ஓட்டை, மடங்கிய உதடு, ஆளில்லாத வண்டி, பஞ்சர் கடைக்காரர் பார்த்தது. “எனக்குப் பயமா இருக்கும்மா. இந்த வண்டியில நீ ஏறாதே. உங்க ரெண்டு பேரையும் கையெடுத்துக் கும்பிடறேன், இன்னிக்கு ஒரு நாள் ஏறாதீங்க” என்றேன். என் ஆயுளில் நான் கும்பிட்டுக் கேட்டது அதுதான்.

தங்கை அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் மடக்கிய உதட்டின்மேல் வைத்துப் பார்த்தாள். ஒட்டி வெட்டினதுபோல உட்கார்ந்தது. அவள் முகம் வெளுத்துவிட்டது.

“இதுல என்ன இருக்கு? வலைக்குத் தகுந்தமாதிரி மடக்கினே, அதான் அட்டையும் உக்காருது” என்றார் மாப்பிள்ளை.

“வலையைச் செய்யறதுக்கு முன்னாடியே எடுத்த அட்டைங்க இது.” அவள் அட்டையைக் கீழே வைத்தாள். “எங்கண்ணன் கத்துவான், திட்டுவான், பொய் சொல்ல மாட்டான். எப்படியும் லோடு திங்கக்கிழமைதானே. வண்டி இங்கயே நிக்கட்டும். நாம ஷேர் வேன்ல போயிட்டு வந்துடலாம்.”

மாப்பிள்ளைக்கு அரை மனதுகூட இல்லை. முதல் நாளே சொந்த வண்டியில் போய் இறங்க வேண்டும் என்று சட்டையெல்லாம் தேய்த்துப் போட்டிருந்தார். ஆனாலும் அவள் சொன்னால் தட்டமாட்டார். தெருமுனை வரைக்கும் இருவரும் நடந்து போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் ஒருமுறை திரும்பிக் கையசைத்தாள். வேன் வந்தது, ஏறினார்கள். அப்பாடா என்று உட்கார்ந்து ஒரு டீ வாங்கிவரச் சொல்லிக் குடித்தேன். உலகத்தையே காப்பாற்றிவிட்ட திருப்தி எனக்கு.

அதன்பிறகு நிறுத்தியிருந்த வேலையை எடுத்துக்கொண்டேன். கம்பி அறுத்தேன். நடுமத்தியானம் ஆனது. வெயில் தகரத்தில் இறங்கித் தொண்டை வறண்டது. தண்ணீர் குடிக்க வெளியே வந்தேன்.

வாசலில் சாம்பல் நிறப் பிக்கப் நின்றது. வலை இல்லை. உதடு மடங்கியிருந்தது. ஐந்து ஓட்டை, இரண்டில் அறுந்த தண்டு. உள்ளே யாரும் இல்லை. பேட்டரி ஒயரை நான் பிடுங்கியிருந்ததால் ஹாரனை அமுக்கினாலும் அடிக்காது.

இந்த வண்டி எதன்மீதும் மோதவில்லை. செவ்வாய்க்கிழமை நான் பார்த்தது விபத்தான வண்டியை இல்லை. நான் நிறுத்திவைத்துக்கொண்ட வண்டியை.

தங்கைக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. மாப்பிள்ளைக்குப் போட்டேன். அதுவும் அடித்துக்கொண்டே இருந்தது. பஞ்சர் கடைக்காரர் என்னண்ணே என்று கேட்டது காதில் விழுந்தது. ஒயரை மாட்டி வண்டியைக் கிளப்பினேன். குவாரிச் சாலையில் லாரிகளுக்கு நடுவே எப்படி ஓட்டினேன் என்று இன்றுவரை ஞாபகம் இல்லை. கல் பறந்துவந்து ரேடியேட்டரில் அடித்துக்கொண்டே இருந்தது. வேன் எங்கேயாவது டயர் மாற்றிக்கொண்டு நிற்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பேரும் மேலாளர் அறையில் போனைப் பையில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனேன்.

மலைக்குத் திரும்புகிற வளைவில் கூட்டம் நின்றது. வண்டியை நடுரோட்டில் விட்டுவிட்டு ஓடினேன். அவர்கள் வேலையை முடித்துத் திரும்பி வந்த வேன் பள்ளத்தில் கவிழ்ந்து கிடந்தது. குவாரி லாரி ஒன்று முன்பக்கத்தை நசுக்கியிருந்தது. பின்னால் இருந்தவர்கள் சிராய்ப்போடு தப்பியிருந்தார்கள். மாப்பிள்ளைக்குப் பின்சீட்டில் உட்காரத் தெரியாது. பன்னிரண்டு வருடம் ஸ்டியரிங் பிடித்தவர், ரோட்டைப் பார்க்காமல் அவரால் வர முடியாது. முன்னால் டிரைவர் பக்கத்தில் இடம் கேட்டு வாங்கி உட்கார்ந்தாராம். அவரை ஏற்கெனவே வெளியே எடுத்து, யாருடைய துண்டாலோ முகத்தை மூடியிருந்தார்கள்.

தங்கை சாலையோர மதகில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் கட்டு. ஒரு அம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் போய் எதிரில் மண்டியிட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலாக, சாலை நடுவில் நின்ற சாம்பல் நிற வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மடக்கிய உதட்டையும் நான் பிய்த்த வலையையும் தவிர அதில் ஒரு கீறல்கூட இல்லை.

நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் உருவிக்கொள்ளவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தூக்கத்தில் பேசுகிறவள்போல மெதுவாகச் சொன்னாள்.

“நீ கும்பிட்டேன்னுதாண்ணே வேன்ல ஏறினோம்.”